கிணத்தைக் கெடுத்தது யார், காசு கட்டுறது யார்?

(டோட்முண்டில் நடந்த எங்கள் மாதாந்தச் சந்திப்பில் ஆற்றப்பட்ட உரை. பேச்சு மொழியைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம். முடிவில் உள்ள மூன்று முன்மொழிவுகளும் அடுத்த சந்திப்பில் விவாதத்துக்கு எடுக்கப்படும்.)



சூழலைத் துப்பரவாக்கிறதுக்கும், தண்ணி, வடிகால், பாலம் மாதிரியான பொது வசதிகளுக்கும் காசு எங்கேயிருந்து வரவேணும்? அரசாங்கத்திட்டயிருந்தா, மனமுவந்து குடுக்கிற சனத்திட்டயிருந்தா? இதுதான் இண்டைக்கு நான் கதைக்க வேண்டிய விசயம்.

இது சும்மா ஒரு தலைப்பு இல்லை எண்டு உங்களுக்குத் தெரியும். வலிகாமத்தில ஒரு கிராமத்துக்குத் தண்ணி சுத்திகரிக்கிற மெசின் வாங்க காசு சேர்த்துத் தரச்சொல்லி எங்களிட்ட ஒரு கோரிக்கை வந்திருக்கு. போன சந்திப்பில பாதிப் பேர் "சனம் தண்ணிக்குக் கஷ்டப்படுது, உடனே குடுப்பம்" எண்டவை. மற்றப் பாதி "அது அரசாங்கத்தின்ர வேலை, நாங்கள் ஏன் அதைச் செய்து குடுக்கவேணும்?" எண்டு கேட்டவை. இரண்டு பக்கத்திலயும் நியாயம் இருக்கு. ஆனா இரண்டு பக்கமும் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி இருக்கு: அந்தத் தண்ணி ஏன் குடிக்கேலாமல் போனது? கெடுத்தவர் எங்கே?

இந்தக் கேள்வியை வைச்சுக்கொண்டு முதலில நாங்கள் வாழுற இந்த ரூர் பிரதேசத்தைப் பார்ப்பம். பிறகு ஊருக்குப் போவம்.

எம்ஷர் ஆறு

எம்ஷர் ஆறு டோட்முண்டுக்குப் பக்கத்தில ஹொல்ஸ்விக்கடவில் ஊற்றெடுத்து, டோட்முண்ட், கெல்சன்கிர்ஷன், எஸ்ஸன், ஓபர்ஹவுசன் எண்டு 80 கிலோமீற்றருக்கு மேல ஓடி, டின்ஸ்லாக்கனில் ரைன் ஆற்றோட சேருகிறது. 19ஆம் நூற்றாண்டில் நிலக்கரிச் சுரங்கங்களும் இரும்பாலைகளும் வந்தபோது, சுரங்கத் தண்ணியும், ஆலைக் கழிவும், லட்சக்கணக்கான தொழிலாளர் குடும்பங்களின் மலசலமும் இந்தச் சின்ன ஆற்றுக்குள்ளதான் போனது. சுரங்கம் தோண்டினதால நிலம் பதிஞ்சது. ஆறு ஓடாமல் தேங்கி, வெள்ளமாக வீடுகளுக்குள்ள வந்தது. பின்னால நோய்களும் வந்தன.

அப்ப யாராவது தானாக முன்வந்து காசு போட்டினமா? இல்லை. அதுக்குக் காரணம் அவையள் எல்லாரும் கெட்டவையள் எண்டதில்லை. ஆறு கீழ்நோக்கி ஓடும். மேல இருக்கிற நகரம் காசு செலவழிச்சுத் துப்பரவாக்கினால் அதன் பயன் கீழ இருக்கிற நகரத்துக்குத்தான். ஒரு சுரங்க முதலாளி மட்டும் செலவழிச்சால் அவரின்ர நிலக்கரி மற்றவரின்ர நிலக்கரியைவிட விலை கூடும். அதனால ஒவ்வொருத்தரும் அடுத்தவர் முதலில போடட்டும் எண்டு பார்த்துக்கொண்டிருந்தவை.

கடைசியில 1899 டிசெம்பரில் போகுமில் எம்ஷர்கெனோசன்ஷாஃப்ட் எண்ட அமைப்பு தொடங்கப்பட்டது. பெயரில கூட்டுறவு எண்டு இருந்தாலும், விரும்பினால் சேரலாம், விரும்பினால் விலகலாம் எண்ட வகைக் கூட்டுறவு இல்லை அது. 1904இல் பிரஷ்ய அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது. அந்த ஆற்றுப் படுகையில இருக்கிற நகரங்களும், சுரங்கங்களும், ஆலைகளும் கட்டாய உறுப்பினர்கள். எவ்வளவு கெடுக்கிறாய், எவ்வளவு பயன் பெறுகிறாய் எண்டதைப் பார்த்துப் பங்குக் காசு கட்டவேணும். அந்த வேலை தொடங்கினதுக்குக் காரணம் இந்தக் கட்டாயம்தான்.

அதே காலத்தில தனியாரிட்ட விட்டால் என்ன நடக்கும் எண்டதுக்கும் இங்கேயே உதாரணம் இருக்கு. 1901இல் கெல்சன்கிர்ஷன் பகுதியில் நெருப்புக் காய்ச்சல் பரவி 3000க்கு மேற்பட்டோர் நோயில விழுந்தார்கள். தண்ணி விநியோகித்தது ஒரு பங்குக் கம்பனி. தண்ணி போதாத நேரங்களில ரூர் ஆற்றின் வடிகட்டாத தண்ணியை ஒரு குழாய் வழியாக் கலந்து விட்டிருந்தது விசாரணையில வெளிவந்தது. ரொபேர்ட் கொக் இந்த விசயத்தில நிபுணராக வந்தவர். வழக்கு முடிவில கம்பனி நிர்வாகிகளுக்குக் கிடைச்சது தண்டப்பணம்.

ஆனா எம்ஷர் கதையை நான் புகழ்பாட எடுக்கேல்லை. அந்த அமைப்பில வாக்கு, கட்டுற காசின்ர அளவுக்கு. கூடக் கட்டினவருக்குக் கூட வாக்கு. அப்ப முடிவெடுத்தது சுரங்கங்களும் பெரிய ஆலைகளும்தான். நிலம் பதியுறதால நிலத்துக்கடியில குழாய் போட்டால் உடையும் எண்டது உண்மைதான். ஆனா அவை தேர்ந்தெடுத்த மலிவான வழி என்னவெண்டால், ஆற்றையே கொங்கிறீற்றுக்குள்ள நேராக்கித் திறந்த மலவாய்க்காலாக்கினது. தொழிலாளர் குடியிருப்புகளுக்கு நடுவால அது ஓடினது. இந்த ஊர்ச் சனம் அதுக்கு வைச்ச பேர் கொட்டல்பெக்க, அதாவது மலவாய்க்கால். ரூரின் தெற்குப் பக்கத்தில வசதியானவர்கள் இருந்தார்கள். வடக்குப் பக்கத்தில எம்ஷர் கரையில போலந்துக்காரர், பிறகு துருக்கிக்காரர், பிறகு எங்கட சனம். A40 வீதியை இண்டைக்கும் "சமூகப் பூமத்தியரேகை" எண்டுதான் இங்க சொல்லுகினம்.

நூறு வருசம் அப்படியே ஓடினது. சுரங்கங்கள் வடக்கே நகர்ந்து, நிலம் பதியுறது நிண்ட பிறகுதான் 1992இல் மாற்று வேலை தொடங்கினது. டோட்முண்டிலிருந்து டின்ஸ்லாக்கன் வரை 51 கிலோமீற்றர் பிரதான குழாய், சில இடங்களில 40 மீற்றர் ஆழத்தில. கிளைகளையும் சேர்த்தால் 400 கிலோமீற்றருக்கு மேல. 30 வருசம், சுமார் 5.5 பில்லியன் யூரோ. 2021 முடிவில்தான் எம்ஷருக்குள்ள கழிவுநீர் போறது நிண்டது.

அந்த 5.5 பில்லியன் யாருடைய காசு? ஒரு பங்கு நோர்ட்றைன் வெஸ்ட்ஃபாலன் மாநிலமும் ஐரோப்பிய ஒன்றியமும் குடுத்தது. பெரும்பங்கு உறுப்பினர்களின் கட்டணம். ஆனா பெரிய காசு தேவைப்பட்ட நேரம் சுரங்கங்கள் மூடிக்கொண்டிருந்தன. மிஞ்சி நிண்டது நகரங்கள். நகரங்கள் அந்தக் காசைக் கழிவுநீர்க் கட்டணமாக வீடுகளிட்ட வாங்குது. வீட்டுக்காரர் அதை வாடகைக்காரரின்ர நெபென்கோஸ்டனில் போடுறார். அதாவது, லாபம் வந்த காலத்தில மலிவான வாய்க்கால், லாபம் முடிஞ்ச பிறகு விலை கூடின குழாய். மலிவின் பயன் அவைக்கு, பில் எங்களுக்கு.

இன்னொண்டையும் பாருங்கோ. ஹோர்டவில் இரும்பாலை இருந்த இடத்தில 2010இல் தண்ணி நிரப்பி ஃபீனிக்ஸ் ஏரி ஆக்கினவை. ஞாயிற்றுக்கிழமைகளில நாங்களும் பிள்ளைகளோட அங்கதான் நடக்கிறம். வடிவான இடம், அதில மறுப்பில்லை. பொதுத் திட்டமாகத் துப்பரவாக்கின நிலம். ஆனா அந்த ஏரிக்கரையில வீடு வாங்க எங்களில எத்தனை பேரால ஏலும்? அந்த ஆலையில வேலை செய்தவரின்ர பிள்ளையால ஏலுமா?

துப்பரவு ஒரு நாள் வேலையும் இல்லை. கடைசிச் சுரங்கம் 2018 டிசெம்பரில் பொட்ரொப்பில் மூடப்பட்டது. ஆனா தோண்டினதால பதிஞ்ச நிலத்தில தண்ணி நிக்காமல் பம்ப் அடிச்சுக்கொண்டே இருக்கவேணும். நிப்பாட்டினால் ரூர் பிரதேசத்தில ஐந்தில ஒரு பங்கு தண்ணிக்குள்ள போகும் எண்டு சொல்லுகினம். இதுக்கு இவை வைச்ச பேர் "நித்திய கடமைகள்". அதுக்காக 2007இல் ஆர்ஏஜி அறக்கட்டளை உருவாக்கப்பட்டது. சுரங்கக் கம்பனியின் சொத்திலயிருந்து, முக்கியமா எவோனிக் பங்குகளிலயிருந்து வாற வருமானம் இதுக்குப் போகுது. 2019இலிருந்து வருசத்துக்கு 220 மில்லியன் யூரோ வேணும் எண்டுதான் கணக்குப் போட்டுத் தொடங்கினவை. அந்தக் காசு போதாமல் போனால் மாநிலங்களும் மத்திய அரசும் பொறுப்பு எண்டு ஒப்பந்தம் இருக்கு.

ஊர் கூடித் தேர் இழுக்கலாம். தேர் வருசத்தில ஒரு நாள். கழிவுநீர் ஒவ்வொரு நாளும் ஓடும்.

கையுறையும் கட்டணமும்

ரைன் கரையைத் துப்பரவாக்கிறதுக்கு 2018இல் டுசல்டோர்ஃபில் ஒரு தன்னார்வ இயக்கம் தொடங்கினது. ஒவ்வொரு செப்டெம்பரிலும் ஆயிரக்கணக்கான சனம் கையுறை போட்டுக்கொண்டு குப்பை பொறுக்குகினம். எங்கட பிள்ளைகளும் போகினம். நல்ல விசயம், போகட்டும். ஆனா அங்க பொறுக்கிறதில பெரும்பாலானது என்ன? சிகரெட் கட்டை, பிளாஸ்ரிக் பெட்டி, கோப்பிக் கப். இதை வித்தவர் லாபத்தை எடுத்துக்கொண்டு போயிட்டார். பொறுக்கிறதுக்கு எங்கட பிள்ளைகளின்ர சனிக்கிழமை.

அதையும் மாத்தலாம். ஜேர்மனியில 2023இல் ஒரு சட்டம் வந்தது. ஒருமுறை பாவிச்சு எறியிற பிளாஸ்ரிக் பொருட்களைச் சந்தைக்குக் கொண்டுவாற கம்பனிகள் நிறைக்கு ஏற்பக் கட்டணம் கட்டவேணும். சிகரெட் ஃபில்டருக்குக் கிலோவுக்கு 8 யூரோ 97 சென்ட். அந்தக் காசு வீதி கூட்டுற நகரசபைகளுக்குப் போகும். டூபிங்கன் நகரம் அதுக்கு முதலே, 2022 ஜனவரியிலிருந்து, எறியிற கப்புக்கும் சாப்பாட்டுப் பெட்டிக்கும் 50 சென்ட் வரி போட்டது. அங்க ஒரு மக்டொனால்ட்ஸ் கிளையை நடத்தினவர் வழக்குப் போட்டு, அது கார்ள்ஸ்றூவ அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. 2025 ஜனவரியில நீதிமன்றம் வரி செல்லும் எண்டு சொல்லிப்போட்டுது. ஒரு சின்ன நகரசபை நிண்டு பிடிச்சது.

இதில விளங்கவேண்டியது, "அரசா, தன்னார்வமா" எண்ட கேள்விக்குள்ள இன்னொரு கேள்வி ஒளிஞ்சிருக்கு எண்டது. கெடுத்தவரிட்டக் கட்டாயமா வாங்கிறதா, இல்லையா? கெடுத்தவர் இருந்தால் அவர் கட்டவேணும். கெடுத்தவர் இல்லாமல் போயிருந்தால், அல்லது எல்லாருக்கும் தேவையான பாலமோ குழாயோ எண்டால், வரிக் காசு. நன்கொடை இந்த இரண்டுக்கும் பிறகு மூன்றாவதாத்தான் வரும்.

அளவையும் பாருங்கோ. 2021 யூலை வெள்ளத்தில ஆர் பள்ளத்தாக்கு அழிஞ்சபோது முழு ஜேர்மனியும் அள்ளிக் குடுத்தது. முதல் நாட்களில சேறு அள்ளினது தன்னார்வலர்கள்தான், அரசு பிந்தித்தான் வந்தது. அதை மறக்கக்கூடாது. ஆனா நன்கொடை எல்லாம் சேர்த்தும் ஒரு பில்லியனைத் தொடேல்லை. மீளக் கட்ட மத்திய அரசும் மாநிலங்களும் ஒதுக்கினது 30 பில்லியன் வரை. மண்வெட்டியோட முதல் நாள் வாறவர் வேணும். முப்பது வருசம் நிக்கிற பாலத்தைக் கட்ட அவரால ஏலாது.

அரச காசு எண்டால் யாருடைய காசு?

அரசு கட்டட்டும் எண்டு சொல்லிப்போட்டு நாங்கள் வீட்ட போகேலாது. இங்க 2009இல் கடன் கடிவாளத்தை அரசியலமைப்பிலேயே எழுதினவை. பிறகு என்ன நடந்தது? 2021 டிசெம்பரில் லூடன்ஷைட்டில் A45 பாலம் மூடப்பட்டு, 2023இல் வெடி வைச்சு விழுத்தப்பட்டது. 2024 செப்டெம்பரில் டிறெஸ்டனில் கரோலா பாலத்தின் ஒரு பகுதி தானாகவே ஆற்றுக்குள்ள விழுந்தது. நகரசபைகள் செய்யாமல் விட்ட வேலைகளின் பெறுமதி 215 பில்லியன் யூரோவுக்கு மேல எண்டு கேஎஃப்டபிள்யூ வங்கியின் 2025ஆம் ஆண்டுக் கணக்கு சொல்லுது. 2025 மார்ச்சில் அரசியலமைப்பைத் திருத்தி உட்கட்டமைப்புக்கு 500 பில்லியன் கடன் எடுக்க வழி செய்தவை. நகரங்களுக்கும் மாநிலங்களுக்கும் அதில 100 பில்லியன். அதே திருத்தத்தில இராணுவச் செலவுக்கு, மொத்த உற்பத்தியில ஒரு வீதத்துக்கு மேல போற பகுதிக்கு, கடன் எல்லையே இல்லாமல் ஆக்கிப்போட்டினம். பள்ளிக்கூடத்துக்கு அளவு இருக்கு, டாங்கிக்கு அளவில்லை.

ஊரில இன்னும் மோசம். இலங்கையில 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 வீதம். வரியில பெரும்பங்கு இப்படிப் பொருள் வாங்கிறவரிட்ட இருந்துதான் வருது. அரசு கட்டுது எண்டால், கடையில பால்மா வாங்கிற தாய் கட்டுறா எண்டுதான் அர்த்தம். அதனால "அரசு கட்டு" எண்ட கோரிக்கையோட "யாரிட்ட வாங்கிக் கட்டுறாய்?" எண்ட கேள்வியும் சேர்ந்துதான் போகவேணும்.

சுன்னாகம்

இப்ப ஊருக்கு வருவம். யாழ்ப்பாணத்தில ஓடுற ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள்ள தேங்கி நிக்கிற மழைத் தண்ணிதான் கிணத்துக்கு வருது. ஒரு இடத்தில ஊத்தினது அந்த இடத்தோட நிக்காது. சுன்னாகம் மின்நிலையப் பகுதியில கிணறுகளில எண்ணெய் மிதக்குது எண்டு சனம் சொன்னபோது, நீர் வழங்கல் சபையின் சோதனைகள் எண்ணெய் இருக்கு எண்டன. மாகாண சபை அமைத்த நிபுணர் குழு ஆபத்தில்லை எண்டது. சனம் எதை நம்பிறது? கிணறு இருக்கத்தக்கதாக பவுசர் தண்ணிக்கு வரிசையில நிண்டினம்.

தெற்கிலிருந்து இயங்குகிற ஒரு சூழல் அமைப்பின் தலைவர் ரவீந்திர காரியவசம் 2015இல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குப் போட்டார். 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. கெடுத்தவரே கட்டவேணும் எண்ட கொள்கையை வைச்சு, அங்க மின்நிலையம் நடத்தின நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா கட்டவேணும் எண்டு நீதிமன்றம் சொன்னது. 500 பேருக்கு மேற்படாமல், ஆளுக்கு 40,000 ரூபா.

அந்தத் தொகை போதுமா? ஒரு கிணத்தை இறைச்சுத் துப்பரவாக்கலாம். நிலத்தடி நீரைத் துப்பரவாக்கேலாது. ஆனா "நிறுவனம் கட்டவேணும்" எண்டு எழுத்தில வந்திட்டுது. நாங்கள் மெசின் வாங்கிக் குடுத்து, வாசலில "உபயம்: ஜேர்மனி வாழ் உறவுகள்" எண்டு கல்லும் பதிச்சால், அந்த எழுத்துக்கு என்ன நடக்கும்? பிரதேச சபை "அங்க தண்ணி இருக்கு" எண்டு அடுத்த கிராமத்தைப் பார்க்கும். நிறுவனங்கள் "பிரச்சினை தீர்ந்திட்டுது" எண்டும். இரண்டு வருசத்தில ஃபில்டர் மாத்தவேணும், கரண்ட் பில் கட்டவேணும். அப்ப சனம் எங்களுக்கு ஃபோன் எடுக்கும். நாங்கள் அவையளின்ர வாக்கில தெரிவானவையளும் இல்லை, கேள்வி கேட்டால் பதில் சொல்லக் கட்டுப்பட்டவையளும் இல்லை. எந்த ஊருக்குக் குடுக்கிறது, எந்தக் குறிச்சிக்குக் குடுக்கிறது எண்டு முடிவெடுக்கிறது யாருடைய சொந்தக்காரர் சங்கத்தில இருக்கினம் எண்டதைப் பார்த்துத்தான் எண்டு எல்லாருக்கும் தெரியும். சாதியும் அதுக்குள்ள இருக்கு. வெளிநாட்டில ஆள் இல்லாத குடியிருப்புக்கு மெசின் போகாது.

"முந்தி ஊரே சேர்ந்து குளம் வெட்டினது, அரசையா பார்த்தது?" எண்டு சிலர் கேட்பினம். அது தன்னார்வம் இல்லை. சிங்கள இராச்சியங்களில ராஜகாரியம், ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணத்தில ஊழியம், தமிழ்நாட்டுப் பக்கம் குடிமராமத்து. எல்லாத்திலயும் கட்டாயம் இருந்தது. மண் சுமந்தது ஒடுக்கப்பட்ட சாதிகள். கட்டாயம் இண்டைக்கும் வேணும். ஆனா ஏழையின்ர முதுகில இல்லை, கெடுத்தவரின்ர கணக்கில.

இதைவிடப் பலமான கேள்வி ஒண்டு இருக்கு. "அது எங்கட அரசா? 2004 சுனாமிக்குப் பிறகு வடக்குக் கிழக்குக்கு நிவாரணம் பகிர உருவாக்கின பொதுக் கட்டமைப்பைக்கூட 2005இல் நீதிமன்றம் தடுத்தது. நாங்கள் அனுப்பாட்டி யார் அனுப்பியிருப்பினம்?" உண்மை. அந்தக் காசுக்கு ஒருத்தரும் வெட்கப்படத் தேவையில்லை. போர்க் காலத்திலயும் அனர்த்தத்திலயும் உயிர் காக்கிற காசு வேற. ஆனா அரசு எங்களுக்கு எதிரா நடந்தது எண்டதுக்காக அது எங்களுக்குத் தரவேண்டியதைக் கேட்காமல் விட்டால், அதுக்கு நாங்கள் குடுக்கிற பரிசு அது. சுன்னாகம் தீர்ப்பும் அதே அரசின் நீதிமன்றத்திலதான் வாங்கப்பட்டது, தெற்குத் தோழர் ஒருவரின் மனுவில. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிஞ்சது, அதுக்குப் பிறகு தேர்தல் வைக்கேல்லை. ஆனா 2025 மேயில தெரிவான பிரதேச சபைகள் இருக்கு. கேட்கிறதுக்கு ஒரு கதவாவது இருக்கு.

முன்மொழிவுகள்

ஒண்டு. இப்ப தண்ணி இல்லாத வீடுகளுக்கு, கால எல்லை போட்டு, தண்ணி விநியோகத்துக்குக் காசு குடுப்பம். தாகத்தோட இருக்கிறவருக்குக் கொள்கை சொல்லேலாது. ஆனா உபயக் கல் வேண்டாம். பொறுப்பை எழுத்தில ஏற்கச்சொல்லி அந்தக் கிராமத்துச் சனம் பிரதேச சபைக்கும் நீர் வழங்கல் சபைக்கும் குடுக்கிற மனுவோட சேர்த்துத்தான் குடுக்கிறது.

இரண்டு. மெசினுக்குக் கேட்ட காசை சுயாதீனமான தண்ணிச் சோதனைக்கும், சட்டச் செலவுக்கும் ஒதுக்குவம். முடிவுகளைத் தமிழிலயும் சிங்களத்திலயும் வெளியிடவேணும். எந்தக் கிணத்தில என்ன இருக்கு எண்டு தெரியாமல் ஒருத்தரிட்டயும் காசு கேட்கேலாது. எண்ணெய்தானா, உரத்திலயிருந்து வாற நைத்திரேற்றா, மலக்குழிக் கசிவா எண்டு சோதிச்சால்தான் கெடுத்தவரும் தெரியும். அது நாங்களே எண்டு வந்தாலும் ஒத்துக்கொள்ளவேணும்.

மூண்டு. இங்க வரி கட்டிற ஆக்களாக இங்கயும் வாய் திறப்பம். ஜேர்மன் கடவுச்சீட்டோ வேற ஐரோப்பிய ஒன்றிய நாட்டுக் கடவுச்சீட்டோ இல்லாத எங்கட ஆக்களுக்கு நகரசபைத் தேர்தலில வாக்கில்லை, நெபென்கோஸ்டன் மட்டும் இருக்கு. டூபிங்கன் மாதிரி வரியை டோட்முண்டிலும் கேட்கிறவர்களோட, நகரங்களுக்குக் காசு கேட்கிற தொழிற்சங்கங்களோட நிற்பம்.

தோழர்களே, எம்ஷர் துப்பரவாக நூற்றியிருபது வருசத்துக்கு மேல எடுத்தது. நன்கொடைக்குக் காத்திருந்திருந்தால் தொடங்கியே இருக்காது. காசு கட்டினவருக்கு மட்டும் வாக்குக் குடுத்ததால கனகாலம் பிந்தினது. வலிகாமத்துக்கு அவ்வளவு காலம் இல்லை. உங்கட கேள்விகளுக்கு விடுறன்.